ஒப்புக்கொள்கிறீர்களா?

“குற்றச்சாட்டை வாசிச்சுட்டு, ஒப்புக்கிறீங்களான்னு ஜட்ஜ் கேட்பார். ‘இல்லை’ன்னு சொல்லிடுங்க. மத்ததை நான் பார்த்துக்கிறேன்” என்றார் வக்கீல், ஸ்பீக்கர் போனில்.

அவனுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. தன் குடியிருப்பு வாசலில் வாட்ச்மேனைக் காரால் இடித்துக் காலை முறித்துவிட்டு, நிற்காமல் போய்விட்டான் என்று வழக்கு.

“சாட்சி இருக்கே சார்?”

“ஒரே ஒரு சாட்சிதானே? மாடியில துணி காயப் போட்டுக்கிட்டே பார்த்தாங்களாம். வயசான கண்ணு. கண்ணாடி இல்லாட்டி யானைகூடத் தெரியாதுன்னு குறுக்கு விசாரணையில நார் நாராக் கிழிச்சுடலாம்.”

“கிழிச்சுடுங்க சார்.”

அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

“ஒத்துக்கோப்பா. ஒத்துக்கிட்டா சாட்சியைக் கூப்பிடவே மாட்டாங்களாமே?”

“சாட்சிக்குப் பாவம் பார்த்தா நான் கம்பி எண்ணணும்மா.”

அம்மா காலரை இன்னொரு முறை அழுத்தித் தேய்த்துக் கொடுத்தாள்.

கோர்ட்டில் குற்றச்சாட்டை வாசித்து முடித்தார்கள். பின்பெஞ்சில் வாட்ச்மேன் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார்.

“குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?”

“இல்லை” என்றான் அவன், கணீரென்று. சட்டையில் ஒரு கசங்கல் இல்லை.

“சரி, விசாரணையை ஆரம்பிக்கலாம். சாட்சியைக் கூப்பிடுங்கள்” என்றார் நீதிபதி.

டவாலி கதவைத் திறந்து வராந்தாவைப் பார்த்துக் கூவினார்.

மூக்குக்கண்ணாடியைக் கைக்குட்டையால் பளிச்சென்று துடைத்து மாட்டிக்கொண்டு, சாட்சிக் கூண்டில் ஏறினாள் அம்மா.