உருவாக்கியவர் பெயர்

தோல் ஆலையில் இருபது வருஷம் கழிவு டிரம்களை உருட்டிய முனிரத்தினம் வீட்டில் இறந்துபோனார். நகராட்சி மயானத்தின் வாசலில் நச்சு அளவைச் சோதிக்கும் கருவி அவர் உடலை உள்ளே விடவில்லை. உடம்பில், தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் அளவு மீறியிருந்தது.

"இது அபாயக் கழிவும்மா. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துலதான் கேக்கணும்," என்றார் மயான மேற்பார்வையாளர்.

வாரியத்திலோ, "பொணம்னா நகராட்சி பொறுப்பு," என்று திருப்பி அனுப்பினார்கள். மனைவி பூங்காவனம் இரண்டு அலுவலகங்களுக்கும் நடையாய் நடந்தாள். வீட்டில் ஐஸ் பெட்டி மூன்று நாளாக ஓடியது. கரண்ட் போனபோதெல்லாம் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். பிறகு அதற்காகவே அழுதாள்.

நாலாம் நாள் இரண்டு துறைகளும் கூடிப் பேசி, வாரியத்தின் உலையில் எரிக்க ஒப்புக்கொண்டன. படிவத்தில் 'கழிவை உருவாக்கியவர்' என்ற இடத்தில் பூங்காவனம் தோல் ஆலையின் பெயரை எழுதினாள்.

குமாஸ்தா அதை அடித்துவிட்டார். "ஆலையிலயா செத்தாரு? வீட்டுல இருந்து வர்ற கழிவுக்கு வீட்டுக்காரங்கதாம்மா கையெழுத்துப் போடணும்."

"சாம்பலாவது குடுப்பீங்களா சார்?"

"அதுவும் கழிவுதாம்மா."

பூங்காவனம் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கழிவின் வகை, எடை எல்லாம் கேட்டிருந்த அந்தப் படிவத்தில், முனிரத்தினம் என்று எழுத இடமே இல்லை.