கம்பிக்குள் ஒரு கையெழுத்து

“தம்பி, நீயும் போயிடாத! அந்த வாங்கில கொஞ்சம் இரு.”

கெஞ்சியவர் இன்ஸ்பெக்டர் வேலப்போடி. அவர் இருந்தது கம்பிக்கு உள்ளே. வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தவன் கல்முனைக்குடி சாலிஹ்.

உலகம் இப்படித் தலைகீழாக நின்றதற்குக் காரணம், எழுபத்தொன்பதாம் ஆண்டு கொழும்பிலிருந்து வந்த ஒரு சுற்றறிக்கை. பொலிஸ் – இளைஞர் நல்லுறவு வாரம் கொண்டாட வேண்டுமாம்.

கல்முனைக்குடியிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் இருபது இளைஞர்களை அழைத்திருந்தார் இன்ஸ்பெக்டர். வந்தவர்கள் பொலிஸ் நிலைய வாசல் மாமரத்தைத் தாண்டவில்லை. “உள்ளுக்குப் போனா வெளியில வரேலாது” என்று ஒருவனை ஒருவன் தள்ளிக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய பயத்தைப் போக்க அவரே கூண்டுக்குள் போனார். ஊர் இளைஞர்கள் அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிடும் கான்ஸ்டபிள் றஸாக்கைப் பூட்டச் சொன்னார். “பாருங்க, என்ன சொகம்!” என்று பாயில் சாய்ந்தார். சாய்ந்தவர் உண்மையிலேயே உறங்கிப்போனார்.

விழித்தபோது மணி ஒன்றரை. மாமரத்தடி வெறுமை; வந்த இருபது பேரில் சாலிஹ் மட்டும் மிச்சம். மற்றப் பொலிஸ்காரர்கள் காலையிலேயே மந்திரியின் கூட்டத்துக்குக் காவல் போய்விட்டார்கள்.

“றஸாக் எங்க?”

“நிந்தவூருக்கு, மாமி வீட்ட சாப்பிடப் போயிட்டார், சேர்.”

“கலியாணம் முடிச்சு எத்தின நாள்?”

“இண்டைக்கு ஒன்பது.”

இன்ஸ்பெக்டர் தலையில் கைவைத்தார். புது மாப்பிள்ளைக்கு மாமி சோறு போட்டால் பின்னேரத் தொழுகைக்கான அசர் பாங்குவரை எழும்ப விடமாட்டாள். கடைசி இனிப்பான வட்டிலப்பத்துக்கு முன்னர் எழும்பிய மருமகன் நிந்தவூர்ச் சரித்திரத்திலேயே இல்லை. இன்னொரு சாவி அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரியின் சாவி றஸாக்கின் கோர்வையில் இருந்தது.

“ரெண்டு மணிக்கு ஏ.எஸ்.பி. வாறாருடா, நல்லுறவைப் பாக்க! இதுக்குள்ள என்னைக் கண்டா என்ர கதி என்ன? சைக்கிள்ல பறந்து போய் றஸாக்கைக் கூட்டி வா!”

“லைட் இல்லையெண்டு போன கிழமை நீங்கதானே என்ட சைக்கிளப் புடிச்சீங்க, சேர். பின்னுக்குச் சங்கிலி போட்டுக் கிடக்கு.”

இன்ஸ்பெக்டர் கம்பியை ஒருதரம் உலுக்கிப் பார்த்தார். ஜனாஸா எடுக்கும் துக்க வீட்டுக்கு வந்தவன்போல சாலிஹ் அசையாமல் இருந்தான்.

“சேர், சும்மாதானே இருக்கீங்க. எனக்கு ஒரு நற்சான்று எழுதிக் கையெழுத்து வெச்சுத் தந்தா என்ன? நாளைக்கு கூட்டுறவுச் சங்கக்கடை கிளார்க் வேலைக்கு நேர்முகம். பொலிஸ் நற்சான்று இல்லாட்டி என்னை உள்ளுக்கே எடுக்க மாட்டாங்க. மூணு தரம் வந்திட்டன்.”

“உன்னை எனக்கு என்ன தெரியும்? ஆளை நம்பித்தானே கையெழுத்து வெக்கிறது.”

“எல்லாரும் போயிட்டாங்க, சேர். நான் மட்டும் சோறும் தின்னாம உங்களோட இருக்கன்.”

அது வேலப்போடியின் நெஞ்சில் போய்த் தைத்தது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இன்னும் கால் மணித்தியாலம்.

“மேசையில கடதாசி கிடக்கு. முத்திரையையும் எடுத்து வா.”

சாலிஹ் எழுந்தான். காற்சட்டைப் பையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, முட்டைகளுக்கு மேல் நடப்பவன்போல அடிமேல் அடி வைத்துப் போய்வந்தான்.

“காலில என்னடா?”

“பொலிஸ் ஸ்டேஷன்தானே, சேர். நடக்கவும் பயமாக் கிடக்கு.”

“பயப்படாத. இந்தக் கிழமை முழுக்க நாம கூட்டாளிகள்.”

தரையில் குந்தியிருந்து எழுதினார்: ‘இவரை நன்கு அறிவேன். பொறுப்பானவர். எதையும் நம்பி ஒப்படைக்கலாம்.’ கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தினார்.

சாலிஹ் அதை இரண்டு தரம் வாசித்தான். மை காய ஊதினான். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். சந்தியில் ஏ.எஸ்.பி.யின் ஜீப் கோர்ன் அடித்தது.

அப்போதுதான் அவன் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டான். கலகலவென்று ஒரு சாவிக்கோர்வை வெளியே வந்தது.

“நீங்க உறங்கக்குள்ள றஸாக் காக்கா தந்திட்டுப் போனவர், சேர். ‘சேர் சாவியக் கேட்டாக் குடு’ எண்டு சொன்னவர். நீங்க றஸாக் காக்காவைத்தானே கேட்டீங்க!”