சனியைப் பிடித்த மாலை

“முட்டி வலிடா” என்று அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு தோளில் தொலைநோக்கி.

சனி பிடித்துவிடக் கூடாதே என்று ஊரே பயந்து சாகிறது. நாங்கள் சனியைப் பிடிக்க மொட்டை மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தோம்.

அக்காவின் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. நடுவில் மிச்சமிருப்பதும் போய்விடும், எப்போது என்றுதான் தெரியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அதுக்குள்ள அந்த வளையத்த ஒரு தடவ பாத்துடணும்டா.”

நான் லிஃப்ட் மெக்கானிக். மேலே போகிற சமாச்சாரம் எதுவானாலும் தம்பிக்கு அத்துப்படி என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

எனவே இணையமே கதி என்று கிடந்தேன். விண்வெளி ஆய்வு நிலையங்களின் தளங்கள், வானம் பார்க்கிறவர்களின் காணொளிகள், வானத்தை நோக்கி நீட்டினால் கிரகத்தின் பெயரைச் சொல்லும் செயலி. அந்தச் செயலி தரையை நோக்கி நீட்டினாலும் பெயர் சொல்லும். ஒருநாள் எங்கள் சோபாவுக்கு அடியில் செவ்வாய் இருந்தது.

திரையைப் பார்த்தால் கண் கூசுகிறது என்பாள் அக்கா. அதனால் எல்லாவற்றையும் நானே சத்தமாகப் படித்தேன். பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி கேட்டுக்கொண்டிருப்பாள்.

மாடியில் இருட்டத் தொடங்கியிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, கண் சிமிட்டாத ஒரு புள்ளி. செயலியும் அதையே சனி என்றது. பெரிய குழாயின் முதுகில் இருக்கும் சின்னக் குழாய் வழியாகப் பார்த்து, புள்ளியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். எல்லாம் தளத்தில் சொன்னபடி.

முதல் பார்வை அக்காவுக்கு. அது பேசி வைத்தது.

அவள் குனிந்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

“தெரியுதுடா! வளையம்… நடுவுல கறுப்பா ஒரு கோடு. தள்ளிப் பொட்டு மாதிரி ஒண்ணு, அதானே டைட்டன் நிலா?”

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை எத்தனையோ முறை வெளியே எடுத்திருக்கிறேன். ஒருவர் முகமும் இப்படி மலர்ந்ததில்லை.

பிறகு நான் குனிந்தேன்.

இருட்டு.

பூமி சுற்றுவதால் கிரகம் நகர்ந்து போய்விடும் என்று படித்திருந்தேன். சின்னக் குழாயில் பார்த்தேன். நகரவில்லை. மறுபடி குனிந்தேன். அதே இருட்டு. குழாயின் முன்பக்கம் போய்த் தடவினேன்.

மூடி.

தூசி லென்சுக்கு எமன், மூடியே வையுங்கள் என்று எல்லாத் தளங்களும் எழுதியிருந்தன. பார்க்கும்போது கழற்றுங்கள் என்று எவனும் எழுதவில்லை. அதைக்கூடச் சொல்ல வேண்டிய ஒரு ஜென்மம் இருக்கும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை போலும்.

தம்பி மனசு நோகக் கூடாதென்று பொய் சொல்லியிருக்கிறாள். சத்தம் வராமல் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். குனிந்தேன்.

இருந்தது. சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. ஆனால் வளையம், நிஜ வளையம்.

“அக்கா, இன்னொரு தடவ பாரு. இப்ப நல்லா வச்சிருக்கேன்.”

அவள் கையால் துழாவி, கண் வைக்கும் இடத்தைக் கண்டுபிடித்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“முன்ன மாதிரியேதான்டா இருக்கு” என்றாள். “அழகா.”

மூடியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

“ஆமாக்கா.”

இறங்கும்போதும் முட்டி வலி என்று தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒவ்வொரு படிக்கும் “படி… படி…” என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

ஏன்டா என்று அவள் கேட்கவில்லை.