மாமனாருக்குச் சூடு ஆகாது

ஆட்டோவிலிருந்து ஜெனரேட்டரை இறக்கிய கோகுல்நாத், "ரொம்ப அவசரம்ண்ணே" என்றான்.

மெக்கானிக் நஜீர் கார்புரேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தார்.

"இன்னா நைனா, இதுல பெட்ரோல் ஊத்துனீங்களா, வெல்லப்பாகு காச்சுனீங்களா? பெட்ரோல்ல ஊறப்போட்டு காத்தடிக்கணும். சாயங்காலம் வா."

"அவ்ளோ நேரம் தாங்காதுண்ணே. தெருவுல கரண்ட் இல்ல. மாமனாரு ஒரு மணி நேரமா சூட்டுல கீறாரு. கம்பிய வுட்டுக் குத்திக் குடுண்ணே."

"குத்துனா பெட்ரோல் வர்ற ஜெட் ஓட்டை பெரிசாயிடும். அப்பால வண்டி வண்டியா பெட்ரோல் குடிக்கும். மாமனார வாசல்ல காத்தாட ஒக்காரச் சொல்லு."

"அவரால எந்திரிக்க முடியாதுண்ணே. அவரு..."

"அப்போ நீ விசிறு. மாப்ளன்னா சும்மாவா?"

டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். மாமனாருக்காக இப்படி உருகும் மாப்பிள்ளையை இருபது வருடத் தொழிலில் நஜீர் பார்த்ததே இல்லை. அவருக்கு உற்சாகம் கூடிவிட்டது.

"ஒரு நாளு வேர்த்தா உயிரா பூடும்?"

"உயிரு காத்தால ஆறு மணிக்கே பூட்ச்சுண்ணே" என்றான் கோகுல்நாத். "ஐஸ் பொட்டில வெச்சிருக்கோம். துபாய்லேர்ந்து மச்சினிச்சி வர்ற வரைக்கும் ஆளு கெடாம இருக்கணும்."