ஆளில்லாத அறை

தானும் மனைவியும் மட்டும் இருக்கும் வீட்டைச் சூடாக்க அறைகளின் நிலத்துக்கடியில் ஓடும் சுடுநீர்க் குழாய்களில் எங்கே சூடு வீணாகிறது என்று பார்க்க, கஜேந்திரன் சூட்டைச் சிவப்பாயும் குளிரை நீலமாயும் காட்டும் வெப்பக் கமராவோடு அறை அறையாகப் போனான். பிள்ளைக்கென்று மஞ்சள் பூசி, பிள்ளை தங்காமல் போனபின் சாத்திவைத்த அறையின் வால்வை அவன் போன மாதமே அடைத்திருந்தான். ஆளில்லாத அறைக்கு எதற்குச் சூடு? ஆனால் கமராவில் நீலமாய்க் கிடந்த நிலத்தின் நடுவே ஓரிடம் மட்டும் சிவந்து தெரிந்தது. குழாய் ஒழுகுகிறதோ என்று குனிந்தான். யாரோ சம்மணமிட்டு இருந்து சற்றுமுன் எழும்பிய உடற்சூட்டின் தடம் அது. அவன் பார்த்திருக்கவே மங்கத் தொடங்கியது.

“நிரோஜினி, இந்த அறைக்குள்ள வந்தனீரோ?”

“அங்க எனக்கென்ன வேலை?” என்றாள் மனைவி, குசினிக்குள் சமைத்தபடியே.

அவன் போய் அந்த வால்வை முழுவதுமாகத் திறந்தான்.

“குழாயில ஏதோ பிழை,” என்றான் அவளிடம். “கொஞ்ச நாளைக்குத் திறந்துதான் வைக்கோணும்.”