அக்காவின் கெட்டமைன், தம்பியின் காளான்

போர்ட்லாந்து சிகிச்சை அறையின் சாய்வு நாற்காலியில் கிரெட்சன் கண்மறைப்பை மெல்ல நெற்றிக்கு ஏற்றுகிறாள். மனச்சோர்வுக்காகக் கையில் ஏறிக்கொண்டிருந்த கெட்டமைன் என்னும் மயக்க மருந்து சற்றுமுன்தான் தீர்ந்தது. குழாயின் வளைவில் தங்கிய ஒற்றைத் துளி ஜன்னல் வெளிச்சத்தில் மினுங்குகிறது. வெளியே மழை. அவளை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருக்கும் தம்பி டெவின் ஆவலோடு நெருங்கி உட்காருகிறான். அவனும் இதே மனச்சோர்வுக்காகப் போன மாதம் போதைக் காளான் சாப்பிட்டுப் பார்த்தவன்.

"என்னக்கா பாத்தே?"

"ஒண்ணுமில்லடா. நானே அங்க இல்ல. அதான் நிம்மதி. ஆனா மாசாமாசம் வந்து ஏத்திக்கணும்."

"எனக்கு நேர்மாறு. ஒரே தடவைதான். செத்துப்போனவங்கல்லாம் வந்துட்டாங்க, அப்பாகூட. பகல் பூரா அழுதேன்."

செவிலி வைத்துவிட்டுப்போன பிஸ்கட்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோன அவள் கை பாதியில் நிற்கிறது. மயக்கம் தெளியாத கண்களால் அவனையே பார்க்கிறாள்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாராடா?"