கைக்குத் தெரிந்தது

"இறங்கு மச்சான். டொக்டர் ஒண்டும் உன்னக் கடிச்சித் திங்கப் போறல்ல."

கிளினிக் வாசலில் ஓட்டோவை நிறுத்திவிட்டு முனாப் பின்னால் திரும்பிப் பார்த்தான். றிஸ்கான் அசையவில்லை. சாரனை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தான்.

கல்முனையில் டொக்டர் இல்லை என்பதற்காக இவர்கள் மட்டக்களப்புக்கு வரவில்லை. கல்முனையில் காட்டினால் பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னர் கதை ஊருக்கு, மருதமுனைக்கு வந்துவிடும். பிறகு றிஸ்கானின் கடைக்குச் சாரன் வாங்க வருகிறவர்கள் அவனுடைய முகத்தைப் பார்க்க மாட்டார்கள். கீழேதான் பார்ப்பார்கள்.

"உன்ட ஓட்டோ என்னடா கற்பூரம் மணக்குது? கோயிலுக்கு ஹயர் ஓடினியா?"

"விடிய ஒரு வேல இருந்திச்சி. கதைய மாத்தாத. இறங்கு."

"முதல்ல நீ சொல்லு. என்ட பொஞ்சாதி நதீராதானே உனக்குச் சொன்னா?"

"வல்லாஹி, சத்தியமா இல்ல."

"அப்ப அவ உன்ட பொஞ்சாதி றம்லாக்கிட்டச் சொல்லியிருப்பா. றம்லா உனக்குச் சொல்லியிருப்பா."

"ரெண்டு பொம்புளையளுக்கும் உன்னப் பத்திக் கதைக்கிறதுதான் வேலயா?"

றிஸ்கான் நம்பவில்லை. இடது விரையில் கழற்சிக்காய் மாதிரி ஒரு கட்டி இருப்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தான். வலி இல்லை. வலித்திருந்தால் யாரிடமாவது காட்டியிருப்பான். ஆனால் ஒரு நாள் தேத்தண்ணிக் கடையில் வைத்து முனாப் காதுக்குள் கேட்டான்.

"மச்சான், குளிக்கக்குள்ள கீழ்ப்பக்கத்தக் கையால தடவிப் பாக்கிறியா?"

கோப்பையிலிருந்த தேத்தண்ணி பாதி சாரனில் கொட்டியது. "விசராடா உனக்கு?" என்று எழும்பிப் போய்விட்டான். முனாப் விடவில்லை. ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடும் இடத்தில் கேட்டான். கடைக்கு வந்து கேட்டான். கடைசியில் றிஸ்கான் வாய் திறக்காமல் நின்ற நிற்பிலேயே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

வேறு யார் சொல்லியிருக்க முடியும்? இருட்டில் ஒருநாள் நதீராவின் கை பட்டிருக்க வேண்டும். முனாப் முதலில் கேட்ட அன்றிலிருந்து றிஸ்கான் அறைக்குள் படுக்கவில்லை. "உன்ட வாய்க்கு ஒரு பூட்டுப் போட ஏலாதா?" என்று கேட்டுவிட்டு ஹோலில் பாயைப் போட்டான். அவள் உம்மா அவளுக்குக் கொடுத்த வீடு அது. போ என்று ஒரு சொல் சொன்னால் அவன் போக வேண்டியதுதான். அவள் சொல்லவில்லை. என்ன குற்றம் செய்தேன் என்று தெரியாமல் அழுதாள்.

"சாரன இறக்குங்க தம்பி" என்று உள்ளே கட்டிலைக் காட்டினார் டொக்டர்.

அவிழ்த்தான். மின்விசிறியைப் பார்த்தபடி படுத்துக்கொண்டான். டொக்டருடைய கையுறை குளிர்ந்தது. ஆடு வாங்க வந்தவர் மாதிரி இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்தார். பிறகு டோர்ச்சை ஒட்டி வைத்து வெளிச்சம் அடித்தார்.

"தண்ணியெண்டா வெளிச்சம் மத்தப் பக்கம் தெரியும். இது தெரியல்ல. எவ்வளவு காலமா இருக்கு?"

"நோம்புக்கு முந்தி இருந்து."

"இவ்வளவு காலமும் என்ன செய்தீங்க?"

றிஸ்கான் சாரனின் ஓரத்தை இழுத்து மேலே போட்டான்.

"வீட்டில யாருக்கும் கேன்சர் வந்ததா?"

"காக்காக்கு. எனக்கு மூத்தவர், ஜுனைட் காக்கா. போன வருஷம் மௌத்தாயிட்டார். அவருக்கு நெஞ்சில. சிகரட்டால வந்த."

"என்ன வயசு?"

"முப்பத்திமூணு."

டொக்டர் டோர்ச்சை மேசையில் வைத்தார்.

"அந்த வயசுக்கு சிகரட்டில மட்டும் பழி போட ஏலாது. கீழ தொடங்கி நெஞ்சுக்கு ஏறுறதும் இருக்கு. அவருக்கும் இப்பிடிக் கட்டி இருந்ததா?"

"தெரியா சேர்."

"மனுசிக்குத் தெரியுமா?"

"மதினிக்குத் தெரிஞ்சா சும்மா இருந்திருக்க மாட்டா. காக்கா யாருக்கும் காட்டியிருக்க மாட்டார்."

"நீங்களும்தான் காட்டயில்ல" என்றார் டொக்டர். "கூடப்பிறந்தவருக்கு வந்தா மத்தவரும் கவனமா இருக்கோணும். ஸ்கேன் எடுப்பம். நான் நினைக்கிறதுதான் எண்டா அந்தப் பக்கத்த எடுக்கோணும். மத்தது போதும், குடும்பம் நடத்தலாம், பிள்ளையும் பெறலாம். இன்னும் ஒளிச்சுக்கொண்டு திரிஞ்சா நெஞ்சுக்குப் போயிடும்."

றிஸ்கான் வெளியே வந்தபோது முனாப் ஓட்டோவின் நிழலில் குந்தியிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்று எழும்பினான்.

"அல்ஹம்துலில்லாஹ்வோ? ஒண்ட வெட்டப்போறாங்கடா எனக்கு!"

"ஒண்டோட போகட்டும். நதீராக்குக் கோல் எடு."

றிஸ்கான் ஃபோனைக் கையில் எடுத்தான். அழுத்தவில்லை.

"டொக்டர் கேட்டார் முனாப், ஜுனைட் காக்காக்கும் கீழ கட்டி இருந்திச்சா எண்டு. வீட்டில ஒருத்தருக்கும் தெரியாதே."

முனாப் சாவியைப் போட்டான். ஓட்டோவை ஸ்டார்ட் செய்யவில்லை.

"அத நான் கதைக்கப்படாது மச்சான். காக்காட மானம் அது. எனக்கிட்ட ஒப்படைச்ச அமானிதம்."

"உனக்கிட்டயா? உனக்கெப்பிடி..."

கேள்வி பாதியில் நின்றது. ஹேண்டிலைப் பிடித்திருந்த முனாபின் கைகளிலிருந்துதான் அந்தக் கற்பூர வாசம் வந்தது. மௌத்தானவரைக் குளிப்பாட்டும் கடைசித் தண்ணியில் கலக்கிற கற்பூரம். ஜுனைட் காக்காவின் மையத்தைக் குளிப்பாட்டியபோது உள்ளே போகத் தைரியமில்லாமல் றிஸ்கான் முற்றத்தில் நின்றுவிட்டான். இடுப்பை மூடிய வெள்ளைத் துணியை விலக்காமல், அதற்கடியில் கையை விட்டுத் தடவிக் கழுவியவன் முனாப்.